நாலே அரைக்கால்

டுலூத்தில் பிப்ரவரி. ஏரி கல்லாகிக் கிடந்தது.
பதினாறு பேர், நான்கு மேசை.
சுவரில் மார்வ் பெல்கோனன் பென்சிலால் கோடிழுத்த தாள்:
கிளைகளில் தொடங்கி
அடிமரத்தில் முடிகிற மரம்.
இரண்டு முறை தோற்றால்தான் வீட்டுக்கு.
ஒரு முறை தோற்றவர் தாளின் இடப்பக்கம் இறங்கி
அங்கிருந்து ஏறி வரலாம்.
அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி:
இறுதி ஆட்டம் ஒன்றே ஒன்று, யாராக இருந்தாலும்.
படித்தேன். நல்லதாகப் போயிற்று என்றும் சொன்னேன்.
விடிகாலை நாலு மணிக்கு எனக்குப்
பனி வாரும் வண்டி.

நான் பழகியது சலவைக் கடை மேசையில்.
காசு போட்டால் பந்துகளைக் கொட்டும்.
பாக்கெட் ஐந்து அங்குலம்.
இரண்டு பந்தைத் தோளோடு தோள் நிறுத்தினாலும்
பக்கத்தில் சுண்டுவிரல் நுழையும்.
தப்பாக அடித்ததையும் சரி என்று விழுங்கிவிடும்.
டிரையர் சுற்றும் சத்தத்துக்கு நடுவே
இருபது வருடமாக நான்
நல்ல ஆட்டக்காரன்.

இங்கே நாலே அரைக்கால்.
முந்தின இரவு லொரெய்ன் போடெட் வந்து
பழைய ரப்பரைப் பிய்த்து, தடித்த ரப்பர் ஒட்டி,
துணியை இழுத்து அடித்து,
இருபத்துநாலு வாய்களையும் ஒடுக்கிவிட்டுப் போயிருந்தாள்.
இனி இரண்டு பந்து சேர்ந்து போகாது.
ஒற்றைப் பந்தையே ஊர், பேர் விசாரித்துத்தான்
உள்ளே விடும்.
கூலியில் நுழைவுக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லி
அவளும் பெயர் கொடுத்தாள்.

முதல் சுற்றே எனக்கும் அவளுக்கும்.
முதலில் ஏழு எடுப்பவர் ஜெயம். ஆறுக்கு ஆறு.
ஒன்பதாம் பந்து, மூலைப் பாக்கெட்,
சலவைக் கடையில் குழந்தையும் போடும்.
அடித்தாள்.
ஒரு தாடையில் இடித்து
மறு தாடையில் இடித்து
வாயிலேயே நின்றுவிட்டது.
கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போவது எனக்குத் தெரியும்.
வாய்க்கெட்டியது வயிற்றுக்கெட்டாததை
அன்றுதான் பார்த்தேன்.
அவள் யாரையும் திட்டவில்லை. குனிந்து
ரப்பரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
"பசை நல்லா பிடிச்சிருக்கு" என்றாள்.
மீதியை நான் தட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று ஜெயித்தேன்.
ஜெயிப்பவனுக்கு வேலை குறைவு.
ஹாட் டாக் தின்றேன். கோட்டை மடித்து வைத்துத் தூங்கினேன்.
கண் திறக்கும்போதெல்லாம்
தாளின் இடப்பக்கம் அவள் பெயர் ஒரு படி ஏறியிருந்தது.
டூ வாங்கை ஏழுக்கு நாலு.
ரோஜர் ஸ்க்ராம்ஸ்டாடை ஏழுக்கு ஆறு; அவர்
கியூவைக் கழற்றிப் பையில் போட்டவர்
பையை மறந்து போய்விட்டார்.
ஆறு ஆட்டம், உட்காராமல்.

இரவு ஒன்று இருபதுக்கு இறுதி.
வெளியே பனி படுக்கைவசமாகப் பறந்தது.
நான் ஜன்னலைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன்.
அவள் பாக்கெட்டின் நடுவை மட்டும் பார்த்தாள்.
ஓரத்தில் என்ன வைத்திருக்கிறோம் என்று
அவளுக்குத் தெரியும்.
ஏழுக்கு ஐந்து.

கணக்கைச் சொல்கிறேன்.
அவளுக்கு ஒரு தோல்வி, என்னிடம்.
எனக்கு ஒரு தோல்வி, அவளிடம்.
கோப்பை அவளுக்கு.
பதினாறு பேரில் ஒரே முறை தோற்று
வீட்டுக்குப் போனவன் நான் ஒருவன்தான்.
மார்வ் பொடி எழுத்தின்மேல் விரல் வைத்தான்.
விரலை எடு, படித்துவிட்டேன் என்றேன்.

நாலே முக்காலுக்கு அவள் தெரு.
நான் தள்ளும் பனியெல்லாம் வரப்பாகி
வீட்டு வாசல்களை அடைத்துக்கொண்டே போகும்.
என் வேலை அப்படி; திட்டும் எனக்குத்தான்.
அவள் வேன் வாசலுக்குள்,
பின்கண்ணாடியில் ரப்பர்ச் சுருள்,
அதன்மேல் கோப்பை.
வாசல் வரும்போது கத்தியைச் சாய்த்தால் போதும்,
வரப்பு மறுபக்கம் போய்விடும்.
சாய்த்தேன்.
முழுக்க அல்ல.
வாசலில் கொஞ்சம் பனி விட்டு வந்தேன்.
அளந்து பார்க்கவில்லை.
நாலே அரைக்கால் இருக்கும்.